ராத்திரி எழுந்து கையை உதறுறவங்க யாராவது உங்க வீட்டில் இருக்காங்களா?

1/
இது நான் பண்ணின ஒரு தப்பைப் பற்றிய பதிவு. கொஞ்சம் நீளம்தான். கார் ரிப்பேர் வேலை பார்ப்பவர்கள், அவங்க வீட்டில் இருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள் இந்த மூணு பேரும் கடைசி வரை வாசிக்கணும்னு கேட்டுக்கறேன். மத்தவங்க வாசித்தாலும் நஷ்டமில்லை. கையை வைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

2/
போன வருஷம் ஐப்பசி. தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும். ஊருக்குப் போகணும்னு காரை சர்வீஸ் விட தாராபுரம் ரோட்டில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். சின்ன ஒர்க்‌ஷாப். ஒரு தகர ஷெட், ஒரு பிட், மூணு பசங்க. அந்த மெக்கானிக் அண்ணனை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். அவர் எனக்கு மெக்கானிக், நான் அவருக்கு டாக்டர். ஆறு வருஷமாக சர்க்கரைக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார்.

3/
பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை உதறினார். பழைய பாதரச தெர்மாமீட்டரை நாங்க உதறுவோமே, அச்சு அசல் அதே உதறல்.

"என்னண்ணா, கை வலிக்குதுங்களா?"

"அது ஒண்ணுமில்லீங்க டாக்டர். மரத்துப் போவுது. நாலு உதறு உதறுனா செரியாப் போயிருமுங்க. நைட்டுத்தான் கொஞ்சம் ரோதனை."

4/
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"நைட்ல என்ன பண்ணுதுங்க?"

"ரண்டு மணி, மூணு மணிக்கு முழிப்புத் தட்டிருமுங்க. கை திகுதிகுன்னு எரியும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். எந்திரிச்சு உக்காந்து உதறிட்டுத் தொங்கப் போட்டாத்தான் அடங்கும்."

"எத்தனை நாளாங்க இப்படி?"

"ரண்டு வருசம் இருக்குமுங்க. உங்ககிட்டக்கூடச் சொன்னேனுங்களே."

5/
அன்னைக்கு சாயங்காலம் அவரோட நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தேன். இருந்தது. என் கையெழுத்துதான். "கை மதமதப்பு" என்று ஒரு வரி. பக்கத்தில் அன்றைய சர்க்கரை அளவு 210. அதுக்குக் கீழே நரம்பு சத்து மாத்திரை.

அவ்வளவுதான். சர்க்கரைக்காரர், மரத்துப் போகுதுன்னு சொல்கிறார், அப்போ சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு. அரை நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அடுத்த தடவை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

6/
எங்கே தப்பு பண்ணினேன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு பெரும்பாலும் பாதத்தில் இருந்துதான் ஆரம்பிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு அங்கேதான் போகிறது. ரெண்டு பாதமும் ஒரே மாதிரி மதமதக்கும், அப்புறம் மெல்ல மேலே ஏறும். கைக்கு வருவது பிறகுதான். இவருடைய பாதத்தை நானே வருஷா வருஷம் சோதித்திருக்கிறேன். உணர்ச்சி நன்றாகவே இருந்தது. பாதம் நன்றாக இருக்கிற ஒருவருக்குக் கை மட்டும் ஏன் மரத்துப் போகிறது? அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

7/
இப்போது கேட்டேன். "எந்தெந்த விரல்ணா?"

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரல் மட்டும் தப்பித்திருந்தது.

இதற்குப் பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம். உங்க உள்ளங்கையைப் பார்த்தபடி மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்க. அங்கே உள்ளே ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. தரையும் சுவரும் எலும்பு. கூரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நாள் முழுக்க இறுக்கிப் பிடித்து வேலை செய்தால் தசைநாண்களைச் சுற்றியிருக்கிற உறை தடிக்கும். எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது. நசுங்குவது நரம்புதான்.

தூங்கும்போது நமக்குத் தெரியாமலே மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும். சந்து இன்னும் குறுகும். அதனால்தான் ராத்திரி ரெண்டு மணி எரிச்சல். உதறினால் நிமிஷத்தில் குறையும்.

8/
ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு சின்ன சோதனை செய்தோம். ரெண்டு புறங்கையையும் ஒட்டி வைத்து, விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடக்கி, 60 நொடி அப்படியே வைக்கணும். அந்த மூன்றரை விரலில் மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுக்கும். அவருக்கு 20 நொடியிலேயே வந்துவிட்டது.

அப்புறம் கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் சதை மேடு இருக்கும் இல்லையா? இடது கையில் இருந்தது. வலது கையில் அந்த மேடு இல்லை. தட்டையாகிக் கொஞ்சம் பள்ளமாகவே இருந்தது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கியதால் தசை சுருங்கிப் போயிருந்தது. இது ஆரம்பக் கட்டத்தில் வருவது இல்லை. அந்தக் கையில்தான் எத்தனையோ தடவை பிரிஸ்கிரிப்ஷனைக் கொடுத்திருக்கிறேன்.

9/
அவர் அப்போது சொன்னதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"ஸ்பானர் புடிக்கறது பெருசில்லீங்க டாக்டர். இன்ஜினுக்குப் பின்னாடி பாதி போல்ட்டு கண்ணுக்கே தெரியாதுங்க. கையை உட்டுத்தான் மாட்டோணும். மரை நேரா ஏறுதா, கோணப் போவுதான்னு வெரல்ல தெரியோணும். எட்டு மாசமா எனக்குத் தெரியறதில்லீங்க."

யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதிரி இடம் வந்தால் "நீ கத்துக்கடா" என்று பையனை முன்னால் விட்டிருக்கிறார். ஒரு தடவை பையன் லீவு. ஆயில் டிரெய்ன் போல்ட்டை இவரே மாட்டியிருக்கிறார். மரை கோணலாக ஏறியது விரலுக்குத் தெரியவில்லை. முடுக்கியதும் அலுமினிய சம்ப்பில் மரை போய்விட்டது. புது சம்ப்பைத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"வெரல்ல தெரியலீன்னா நான் மெக்கானிக்கே இல்லீங்களே."

10/
சரி, கார் வேலையில் ஏன் இது வருகிறது? மூணு விஷயம் ஒன்று சேர்கிறது. மணிக்கட்டை மடக்குவது, பலமாக இறுக்கிப் பிடிப்பது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தால் உடம்பு ஓரளவு தாங்கும். மூணும் சேர்ந்தால்தான் ஆபத்து.

ஒரு கணக்கு போடுங்க. சின்ன காருக்கு ஒரு வீலில் 4 நட்டு. நாலு வீலையும் கழற்றினால் 16, திரும்ப மாட்ட 16, ஆக 32. ஒரு நாளைக்கு அஞ்சு கார் என்றால் 160. இது நட்டுக் கணக்குதான். ஒவ்வொரு நட்டுக்கும் எத்தனை திருகு? இதே மாதிரி வருஷம் முழுக்க எத்தனை நாள்? அதுவும் கை நேராக நுழைய இடமில்லாத சந்துக்குள்.

சர்க்கரை, தைராய்டு குறைபாடு, உடல் பருமன், கர்ப்பம் இவையும் இந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். அண்ணனுக்கு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஆக, சர்க்கரைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. சர்க்கரை மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

11/
டிங்கரிங், பெயின்டிங் ஷெட் பசங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, அதிர்வு. கிரைண்டர், பஃபிங் மெஷின், நட்டு கழற்றுகிற ஏர் கன். கையில் ஏறுகிற அந்த அதிர்வு பல வருஷம் சேர்ந்தால் விரல்களின் சின்ன ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்கிற பெண் மருத்துவர் 1918-லேயே இண்டியானா மாநிலக் கல்குவாரித் தொழிலாளர்களிடம் இதைப் பார்த்து எழுதிவைத்தார். குளிரில் அவங்க விரல் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். நம்ம ஊர் வெயிலில் அந்த வெளுப்பைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். மதமதப்பும் ஊறலும்தான் துப்பு.

தேய்ந்த டிஸ்க்கை உடனே மாத்துங்க. மெஷினை விழாத அளவுக்குப் பிடித்தால் போதும், நெரிக்க வேண்டாம். ஒரே ஆள் நாள் முழுக்கப் பிடிக்காதீங்க, மாத்தி மாத்திச் செய்யுங்க.

12/
அடுத்தது தோள்பட்டை. பிட்டுக்குள் நின்றோ, லிஃப்ட்டுக்குக் கீழே நின்றோ தலைக்கு மேல் கையைத் தூக்கி மணிக்கணக்கில் வேலை. தோளைச் சுற்றி இருக்கிற தசைநாண்கள் மேலே இருக்கிற எலும்பு வளைவில் உரசும். முதலில் சட்டை போடும்போது வலிக்கும். அப்புறம் அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலையும். பிறகு தசைநாண் கிழியவும் செய்யலாம். அண்ணாந்தே பார்ப்பதால் கழுத்துக்கும் சேதாரம்.

இடுப்புக்கு வருவோம். பானெட்டுக்குள் குனிந்து நிற்பதே முதுகுக்குப் பாரம்தான், கையில் வெயிட் இல்லாவிட்டாலும். 10 கிலோ பேட்டரியை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்க, அதையே கையை நீட்டித் தூக்குங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். தோதான நிலையில், உடம்போடு ஒட்டித் தூக்கினாலே 23 கிலோதான் வரம்பு என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நயோஷ் கணக்கு வைத்திருக்கிறது. எட்டிப் பிடித்தால், திரும்பித் தூக்கினால் அந்த வரம்பு இன்னும் குறையும். நம்ம பசங்க காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து கியர்பாக்ஸை நெஞ்சில் இறக்குகிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

13/
இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்று ஒரு மருத்துவர். தொழிலால் வரும் நோய்கள் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?

இதை நான் காலேஜில் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். ஆனால் இங்கே என் நிலைமை இன்னும் மோசம். அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். என் காரையே அவரிடம்தான் விடுகிறேன். தெரிந்தும் அந்த வேலையையும் அந்தக் கையையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

14/
கோயம்புத்தூரில் நரம்பு பரிசோதனை எடுத்தோம். வலது கையில் கடுமையான பாதிப்பு, இடது கையில் நடுத்தரம். தைராய்டும் பி12-ம் பார்த்தோம், சரியாக இருந்தது. தசை சுருங்கிவிட்டதால் வலது கைக்குத் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் பண்ணச் சொன்னார் சர்ஜன்.

"தீவாளி முடியட்டுமுங்க டாக்டர். பசங்களுக்கு போனஸ் குடுக்கோணும். கடை வாடகை இருக்குதுங்க."

எனக்கு அவரை அவசரப்படுத்த வாயே வரவில்லை. ரெண்டு வருஷம் தாமதித்த நான், ரெண்டு வாரத்துக்கு எந்த முகத்தோடு அவசரப்படுத்துவது? ரெண்டு கைக்கும் ராத்திரி போடுகிற பட்டை வாங்கிக் கொடுத்தேன். மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

15/
கார்த்திகையில் ஆபரேஷன். கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அந்தக் கூரைப் பட்டையை வெட்டி விடுவார்கள். நரம்புக்கு இடம் கிடைக்கும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் போன் பண்ணினார். "ரண்டு வருசத்துக்கு அப்பறம் விடிய விடியத் தூங்குனேனுங்க."

சந்தோஷமான செய்திதான். ஆனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் போய்விட்டது. விரல் உணர்ச்சி மெதுவாகத் திரும்புகிறது, இன்னும் முழுசாக இல்லை. கட்டைவிரல் மேடு பழைய மாதிரி வரவில்லை. வரும் என்று நான் அவருக்கு வாக்கு கொடுக்கவும் இல்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால் ராத்திரிப் பட்டை, வேலை முறையில் மாற்றம், தேவைப்பட்டால் ஒரு ஊசி என்று முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இடது கை அப்படித்தான் பட்டையோடு தேறி வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வலது கை எனக்கு ஞாபகம் வரும்.

16/
தொழிலாளி சகோதரர்களே, கீழே இருப்பதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்க.

ராத்திரி கை மரத்து முழிப்பு வருவது.
கையில் இருக்கிற பொருள் நழுவி விழுவது, சட்டைப் பட்டன் போட முடியாமல் தடுமாறுவது.
கட்டைவிரல் மேடு வற்றுவது. இதற்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீங்க.
ரெண்டு மூணு வாரம் தாண்டியும் கையைத் தூக்க முடியாத தோள்வலி.
இடுப்பில் இருந்து கால் வரை மின்சாரம் மாதிரி இறங்கும் வலி.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்காதீங்க.

17/
டாக்டரிடம் போகும்போது "கை மரத்துப் போகுது" என்று மட்டும் சொல்லாதீங்க. எந்த விரல், எந்த நேரம், எந்த வேலை செய்யும்போது என்று சொல்லுங்க. கையை எப்படி வைத்து வேலை செய்வீங்க என்று நடித்துக் காட்டுங்க. என்னை மாதிரி அவசரக்கார டாக்டருக்கும் அப்போது புரியும்.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி தினமும் போடாதீங்க. சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் கிட்னிக்கு நேரடி வேட்டு. மரத்த கைக்குச் சூடு ஒத்தடம் வைத்துத் தோல் வெந்துபோய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

18/
அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் இப்போது சில மாற்றங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை.

இறுகிய நட்டுக்கு நீளக் கைப்பிடி. நீளம் கூடினால் கைபலம் குறைவாகப் போதும்.
திருகித் திருகி மணிக்கட்டு போகாமல் இருக்க ராட்செட்.
மெல்லிசு கைப்பிடிகளுக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறார்.
மண்டி போட பழைய சீட் பஞ்சில் மெத்தை.
காருக்கு அடியில் படுக்கச் சக்கரம் வைத்த பலகை.
செகண்ட் ஹேண்டில் ஒரு கியர்பாக்ஸ் ஜாக்கி. இதுதான் பெரிய செலவு.
காலையில் வீல் வேலை பார்த்த பையனுக்கு மதியம் வேறு வேலை.

கடைசி மாற்றத்துக்குக் காசே கிடையாது. ஆனால் ரொம்ப உதவுவது அதுதான்.

19/
கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுங்க, அவசரம்" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த அவசரத்தில் கார் உயரத்தைச் சரிபண்ணாமல் குனிவார்கள், ஜாக்கி தேடாமல் கையால் தூக்குவார்கள். பார்ட்ஸ் விலையில் பேரம் பேச மாட்டோம், லேபரில்தான் 100 ரூபாய் குறைக்கச் சொல்லுவோம். லேபர் என்பது அந்த மூன்றரை விரல்தான் நண்பர்களே.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கு: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சின்ன ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, ஓட்டுநர்களையும் வாகனப் பழுது பார்ப்பவர்களையும் சேர்த்து தமிழ்நாடு அரசின் நல வாரியம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பசங்களைப் பதிவு செய்துவிடுங்க.

20/
போன வாரம் மறுபடியும் ஒர்க்‌ஷாப் போனேன். பையன் வழக்கம்போல இன்ஜினுக்குப் பின்னால் கையை விடப் போனான். "நவுருடா" என்றார் அண்ணன். இடது கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஒரு போல்ட்டை மெதுவாகத் திருகினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏறுதுங்க டாக்டர். எடது கைக்கு இப்பத்தான் பழக்கிட்டு இருக்கேனுங்க."

அம்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷன் தன் தொழிலை இன்னொரு கைக்கு முதலில் இருந்து கற்றுக்கொடுக்கிறார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதற்குத் தேவை வந்திருக்காது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி உங்க வீட்டில் மெக்கானிக், வெல்டர், டெய்லர், பரோட்டா மாஸ்டர் என்று கைவேலை பார்க்கிறவர் யார் இருந்தாலும் ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. "நைட்ல கை மரத்துப் போகுதா? எந்த விரல்?"

பதில் "ஆமாம்" என்று வந்தால், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்க.